தைக்காத துணியின் காலம்: சோழர் காலத் தொடருக்கு உடை அமைக்கும் முறை

சோழர் காலத்துக் கதை என்று விளம்பரம் வரும். முதல் காட்சியில் இளவரசி திரும்பி நடப்பாள்; முதுகில் ரவிக்கையின் கொக்கி வரிசை பளிச்சென்று தெரியும். ராஜா எழுந்து நிற்பார்; வெல்வெட் அங்கி, ஓரமெல்லாம் ஜிகினா, தலையில் அடுக்கடுக்கான கிரீடம். இதற்குப் பணப் பற்றாக்குறையைக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் வெல்வெட்டும் ஜிகினாவும் வெள்ளைப் பருத்தியைவிடச் செலவு பிடிப்பவை. எதைப் பார்த்து எடுத்தார்களோ, அங்கேதான் கோளாறு. கம்பெனி நாடகத்து ராஜபார்ட் உடை, ரவிவர்மா (1848–1906) பாணிக் காலண்டர் படம், இவற்றைப் பார்த்து எடுத்த பழைய சரித்திரப் படங்கள், அவற்றைப் பார்த்து எடுக்கும் இன்றைய தொடர்கள் என்று ஒன்றைப் பார்த்து ஒன்றாக இறங்கி வந்த உருவம் அது. மொத்தமும் கடந்த நூற்றைம்பது ஆண்டுக்குள் அடங்கிவிடும். சோழனைப் பார்க்க அதற்கும் பின்னால், கல்லுக்கும் செம்புக்கும் போக வேண்டும்.

இங்கே சொல்வது முதலாம் இராசராசன் (985–1014), முதலாம் இராசேந்திரன் (1044 வரை) காலத்துக் கதைகளுக்கு. துணி வாங்கப் போவதற்கு முன்பே, கதை நடக்கும் வருடத்தை ஒரு தாளில் எழுதி, உடைப் பிரிவு, மேக்கப், ஆர்ட் பிரிவு மூன்றின் சுவரிலும் ஒட்டுங்கள். "சோழர் காலம்" என்று மட்டும் சொன்னால் அது ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை நீளும். ஒருவர் பல்லவச் சிற்பத்தையும் இன்னொருவர் நாயக்கர் தூணையும் எடுத்து வந்து நிற்பார்.

எங்கே பார்ப்பது, எதை நம்புவது

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உட்சுற்றுச் சுவரில்தான் அந்தக் காலத்தின் நிறம் இருக்கிறது. மேலே நாயக்கர் கால ஓவியம், அதற்கு அடியில் சோழர் ஓவியம் என்று 1931இல் கண்டறிந்தவர் எஸ்.கே.கோவிந்தசாமி. அந்த உட்சுற்று பொதுவாகப் பார்வையாளருக்குத் திறப்பதில்லை, ஆகவே அச்சில் வந்த நல்ல படங்களை வைத்துத்தான் வேலை நடக்கும். அப்படிப் படம் எடுக்கும்போது அது சோழர் அடுக்கா, நாயக்கர் அடுக்கா என்று ஒவ்வொரு படத்துக்கும் சரிபார்த்துக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே அறுநூறு ஆண்டு இடைவெளி. "பெரிய கோயில் ஓவியம்" என்ற பெயரில் நாயக்கர் காலத்து உடை உள்ளே நுழைவது இந்த வழியாகத்தான்.

நிற்கும் நிலை, மடிப்பு விழும் விதம், காலை விரிக்கும்போது துணி எங்கே இழுபடுகிறது என்பதற்கு அதே கோயில் மேல்தளத்தின் 81 கரணச் (நாட்டிய நிலைச்) சிற்பங்களைப் பாருங்கள். அணிகலன்களின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தெரிய வேண்டுமென்றால் செப்புத்திருமேனிகள்: சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், தஞ்சைக் கலைக்கூடம். கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது; உங்கள் கதை நடக்கும் காலமும் அதுதான். மனிதர்களைப் பார்க்க, கும்பகோணம் நாகேசுவரன் கோயிலின் புறச்சுவர்ச் சிற்பங்கள். அவை இராசராசனுக்குச் சற்று முந்தியவை, ஆனாலும் ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் வந்து நிற்பதுபோல் இருக்கும். தாராசுரம் இரண்டாம் இராசராசன் காலம், பன்னிரண்டாம் நூற்றாண்டு. அங்கே பெரியபுராணக் காட்சிகளில் வேடர், வண்ணார், குயவர் என்று எளிய மக்கள் கிடைப்பார்கள். நூற்றைம்பது ஆண்டு பிந்தியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. செப்புத்திருமேனி கடவுள், உங்கள் பாத்திரம் மனிதர். தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரம், உயர்ந்த கிரீட மகுடம், கரண்ட மகுடம் எல்லாம் தெய்வ உருவத்துக்குரிய இலக்கணம். அவற்றை அப்படியே நடிகர் தலையில் ஏற்றினால் ராஜா நடமாடும் உற்சவர் ஆகிவிடுவார். பெரிய கோயில் ஓவியத்தில் கருவூர்த்தேவர், இராசராசன் என்று பலரும் அடையாளம் சொல்லும் இருவரைப் பாருங்கள்: முன்னால் வெண்தாடி முதியவர், பின்னால் இளையவர். இளையவர் தலையில் கிரீடம் இல்லை. முடியை உயர்த்திக் கட்டிய கொண்டைதான். ராஜா என்று காட்டக் கிரீடம் வேண்டியதில்லை. சுற்றி நிற்பவர்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டி, சற்றுக் குனிந்து, அவருக்கு வழிவிட்டு நின்றாலே போதும். முடிசூட்டு விழாவுக்கு மட்டும் ஒரு மகுடம் செய்யுங்கள், அது அன்று மட்டும் வரட்டும்.

துணி

கடையில் வெளுத்த வெள்ளை வேட்டியை வாங்காதீர்கள். ஆலையில் வெளுக்கும்போது சேர்க்கும் வெண்மையூட்டி, எல்இடி விளக்கில் நீலம் பாய்ந்து ஒளிரும். நடிகரின் முகம் கறுத்துப்போகும், வேட்டி மட்டும் டியூப்லைட் மாதிரி நிற்கும். வெளுக்காத கோராத் துணியாக, கைத்தறியாக வாங்குங்கள். நம்பர் கூடக்கூட நூல் மெல்லிதாகும்: அரச குடும்பத்துக்கு 80ஆம் நம்பர், 100ஆம் நம்பர் நூல், அதிகாரிகளுக்கு 60, உழவர், படகோட்டி, காவலருக்கு 20 முதல் 40 வரை, அல்லது காடா. செல்வம் எவ்வளவு என்று காட்ட வேண்டியது நூலின் மென்மைதான். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் சரிகை இல்லாமலேயே ராஜாவையும் காவலாளியையும் பத்தடி தூரத்தில் பிரித்துக் காட்டலாம்.

வாங்கியதும் கஞ்சி போகும்வரை இரண்டு முறை கொதிநீரில் அலசுங்கள். கஞ்சி இருந்தால் மடிப்பு பலகை மாதிரி நிற்கும். சிற்பத்தில் துணி உடம்பைத் தழுவி விழுகிறது. பிறகு லேசாக நிறம் குறைக்க, ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர், 100 கிராம் தேயிலைத்தூள். கொதிக்கவிட்டு வடிகட்டி, துணியை இருபது நிமிடம் புரட்டி எடுத்து நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தபின் நிறம் வெளிறும், ஆகவே முதலில் ஒரு முழத் துண்டில் பாருங்கள். எல்லாருடைய துணியையும் ஒரே பானையில் முக்காதீர்கள். ஊரே ஒரே பழுப்பில் வந்து நிற்கும். உடனே "வாடகை உடை" என்று தெரிந்துவிடும். நான்கு பானை, நான்கு அளவு தூள், நான்கு நேரம்.

வண்ணத்துக்கு வருவோம். வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856இல். அதற்கு முன் நம்மூர்ச் சிவப்பு சாயவேரிலிருந்தும் அரக்கிலிருந்தும், நீலம் அவுரியிலிருந்தும், மஞ்சள் மஞ்சளிலிருந்தும், கறுப்பு கடுக்காயும் இரும்பும் சேர்ந்தும் வந்தது. பச்சை வேண்டுமென்றால் மஞ்சள் மேல் அவுரி. ஆக, ராமர் பச்சை, ராணிப் பிங்க், மின்னல் ஊதா மூன்றும் கதைக்கு வெளியே. இயற்கைச் சாயம் போட நேரமில்லாவிட்டால் செயற்கைச் சாயமே போடலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் அதன் எதிர்நிறத்தைச் சிறு துளி சேர்த்து முனை மழுக்குங்கள்: சிவப்பில் கொஞ்சம் பச்சை, நீலத்தில் கொஞ்சம் ஆரஞ்சு. முதல் துளிக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள்; இரண்டாவது துளி பெரும்பாலும் சேறாக்கிவிடும்.

அகலக் கரை வைத்த பட்டுப் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டு அன்று இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் முந்தியில் மயிலும் யானையும் வரிசை கட்டி நிற்கும் இன்றைய நெசவு ஜக்கார்டு பெட்டியால் வந்தது. அந்தக் கருவி பிரான்சில் உருவானது 1804இல். செப்புத்திருமேனிகளின் ஆடையில் உளியால் கீறிய கோடுகளையும் சிறு பூக்களையும் பாருங்கள்: மெல்லிய குறுக்குக் கோடு, நடுவில் பூ, மறுபடி கோடு. அதை மரக்கட்டை அச்சால் பருத்தியில் அடித்துவிடலாம். டிஜிட்டல் பிரிண்ட் வேண்டாம். ஒவ்வொரு பூவும் அச்சு அசலாக இருப்பதைக் கேமரா காட்டிக்கொடுக்கும்.

கடைக்காரர் பருத்தி என்று சொல்லும் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஓரத்திலிருந்து நான்கு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் நாற்றம் அடிக்கும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகத் திரளும்.

ஆண்கள் கட்டு

சிற்பத்தில் ஆடவர் துணி தொப்புளுக்கு நன்றாகக் கீழே தொடங்குகிறது. இன்று நாம் கட்டுவது தொப்புள் மேல். இந்த நான்கு விரல்கடை வித்தியாசம்தான் "கல்யாண மாப்பிள்ளை" தோற்றத்துக்கும் சோழர் தோற்றத்துக்கும் நடுவே இருப்பது. காவலர், உழவர் என்றால் நான்கு முழ வேட்டி, முழங்காலுக்கு மேல், பின்னால் கச்சம் செருகி. அதிகாரி, வணிகர் என்றால் எட்டு முழம், முழங்காலுக்குக் கீழே. அரசனுக்கு ஒன்பது அல்லது பத்து முழம், காலோடு ஒட்டிக் கணுக்கால் வரை. பஞ்சகச்சத்துக்கென்று விற்கும் ஜோடி வேட்டியை அப்படியே எடுத்தால் கரை காட்டிக்கொடுக்கும். கரையைப் பிரித்துவிட்டு ஓரத்தைக் கையால் சுருட்டித் தையுங்கள். ஓவர்லாக் ஓரம் குளோசப்பில் தப்பவே தப்பாது.

அதன்மேல் இடைக்கச்சை. சோழச் சிற்பத்தின் அழகில் பாதி இதுதான், தொடர்களில் முற்றிலும் காணாமல் போவதும் இதுதான். இரண்டரை மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் அகலத் துணியை மூன்றாக மடித்து, இடுப்பின் இரு பக்கமும் முடிச்சிட்டு, முன்பக்கம் தொடை நடுவரை ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். மீதி இரு நுனிகளும் பக்கவாட்டில் விழ வேண்டும். நடிகர் உட்கார்ந்து எழுந்தால் அந்த வளைவு சுருங்கி ஏறிக்கொள்ளும். வளைவின் அடிமடிப்புக்குள் தூண்டிலில் கட்டும் சின்ன ஈயக்குண்டு இரண்டைத் தைத்து வைத்தால் தானே இறங்கி நிற்கும். நுனிகளுக்கும் ஒவ்வொன்று.

மேலே வெற்றுடம்பு. நடிகருக்குத் தயக்கம் இருந்தால் மேல்துண்டை ஒரு தோளில் போடலாம், மார்பின் குறுக்கே கட்டலாம். சட்டை மட்டும் வேண்டாம். முல்லைப்பாட்டிலேயே தைத்த சட்டைக்கு "மெய்ப்பை" என்று சொல் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வருபவர் யவனர். தையல் தெரியாத நாடு இல்லை இது. தைத்த உடை அயலாரின் அடையாளமாக இருந்தது, அவ்வளவே. நாகப்பட்டினத் துறைமுகக் காட்சியில் கடல்கடந்து வந்த வணிகருக்கு அங்கி கொடுங்கள். பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர் வெற்றுடம்போடு இருக்கும்போது யார் எங்கிருந்து வந்தார் என்பது வசனமே இல்லாமல் விளங்கிவிடும்.

பெண்கள் உடை: நேர்மையாக ஒரு சமரசம்

சோழர் சிற்பத்திலும் ஓவியத்திலும் பெண்களின் மேலுடம்பு பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. சிலருக்கு மட்டும் கச்சு. திருமாலின் இரு தேவியரில் ஸ்ரீதேவிக்கு மார்பில் கச்சு உண்டு, பூதேவிக்குக் கிடையாது. வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு பார்க்கும் தொடரில் இதை அப்படியே காட்ட முடியாது. சமரசம் தேவை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சமரசம் ரவிக்கையாக இருக்க வேண்டியதில்லை. தோள்கட்டு, கைவெட்டு, மார்புத் தையல், கொக்கி இவை நான்கும் கண்ணில் பட்டால் கண் உடனே இன்றைய காலத்துக்கு வந்துவிடும். அந்த நான்கையும் மறைப்பதுதான் வேலை.

உள்ளே நடிகையின் அளவுக்குத் தைத்த, தோள்பட்டை இல்லாத ஒரு இறுக்கக் கச்சு. திறப்பு இடதுகை அக்குளுக்குக் கீழே. துணியைக் குறுக்குவெட்டாக வெட்டினால் உடம்போடு இழையும். உள்விளிம்பில் மேலும் கீழும் சிலிக்கான் பட்டை, இல்லாவிட்டால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கீழே இறங்கும். இதன்மேல், அதே துணியில் முப்பது சென்டிமீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளப் பட்டையை மடிப்பு மடிப்பாகச் சுற்றி, முதுகில் முடிச்சு. முடிச்சு நிஜ முடிச்சாக, நுனி ஒரு சாண் தொங்கும்படி இருக்கட்டும். இப்போது கேமரா எந்தப் பக்கம் போனாலும் சுற்றிக் கட்டிய துணிதான் தெரியும். அதற்கும் மேல் இன்னும் மறைப்பு வேண்டுமென்று சேனல் கேட்டால், மெல்லிய மல் துணி இரண்டரை மீட்டரைப் பின்னாலிருந்து இரு தோளிலும் விடுங்கள். முந்தானையாக ஒரு தோளில் மடித்துப் பின் குத்தாதீர்கள். மடிப்பை முன்னால் செருகி முந்தியை இடது தோளில் போடும் கட்டு பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். சேஃப்டி பின் காப்புரிமை பெற்றதே 1849இல்.

கீழாடைக்கு நான்கு மீட்டர் துணி, 115 சென்டிமீட்டர் அகலம். நடுப்பாகத்தை முதுகுப்புற இடுப்பில் வைத்து, இரு தலைப்பையும் முன்னால் கொண்டுவந்து தொப்புளுக்கு மூன்று விரல்கடை கீழே முடியுங்கள். ஒரு தலைப்பை இரண்டு விரல் அகல மடிப்புகளாக அடுக்கி முன்னால் தொங்கவிடுங்கள். மற்றதைக் காலிடையே பின்னுக்குக் கொண்டுபோய்ச் செருகுங்கள். இரு காலின் வடிவமும் தனித்தனியே தெரியும். பாவாடை போல் மணி விரியாது. நாள் முழுக்கப் படப்பிடிப்பு என்றால் மடிப்பின் மேல் பதினைந்து சென்டிமீட்டரை உட்பக்கமாகக் கையால் ஓட்டுத்தையல் போட்டு, இடுப்புக்கு நாடா வைத்துவிடுங்கள். உள்ளே அதே நிறத்தில் முழங்கால் வரை ஒட்டிய அரைக்கால் சட்டை. நடிகை பயமில்லாமல் படியேறுவார், ஓடுவார், தரையில் உட்காருவார்; அந்த நிம்மதி நடிப்பில் தெரியும்.

அரசவையில் ஆடும் பெண்ணுக்கு விசிறி மடிப்பு வைத்துத் தைத்த இன்றைய பரதநாட்டிய உடையைப் போட்டுவிடும் வழக்கம் நிற்கவே மாட்டேன் என்கிறது. அந்த உடை இருபதாம் நூற்றாண்டில் வடிவெடுத்தது. இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கென்று நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல்மகளிரை, குடியமர்த்தி, ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தான். அவர்கள் காலத்து ஆட்டக்காரிகள் அதே கோயிலின் உட்சுற்று ஓவியத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து உடுத்துவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அணிகலன்

இங்கே நமக்குக் கிடைத்திருக்கும் கொடை வேறெங்கும் இல்லாதது. இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் தஞ்சைக் கல்வெட்டுகளில் அப்படியே இருக்கிறது: இந்த நகையில் இத்தனை முத்து, இத்தனை பவளம், இத்தனை வயிரம், நிறை இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, குன்றி என்று. முத்தைக்கூட வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு என்று தரம் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அவை தெய்வத்துக்குக் கொடுத்தவை என்றாலும் பொற்கொல்லர் கை ஒன்றுதான். ஏகாவலி, தோடு, வாளி, கைக்காறை, சூடகம், மோதிரம் என்ற பெயர்களை உங்கள் உடைப் பட்டியலிலும் எழுதுங்கள். "செட் ஒன்று" என்று எழுதினால் வாடகைக் கடையிலிருந்து கெம்பு செட்தான் வரும். அது பின்னாளைய நடன மேடை நகை.

முதல் விதி: பட்டை தீட்டிய கல் வேண்டாம். பல முகம் வெட்டி ஒளி சிதறும் கற்கள் பிந்திய காலத்தவை. குவிந்து வழுவழுப்பாக மெருகிட்ட கற்களை, கண்ணாடியாக இருந்தாலும் சரி, பதியுங்கள். இரண்டாவது: சோழர் செப்புத்திருமேனிகளில் மூக்குத்தி இல்லை. கதாநாயகி ஏற்கெனவே மூக்குக் குத்தியிருந்தால் மேக்கப்பில் மறையுங்கள். மூன்றாவது: காதுமடல் நீண்டு தொங்கும், நகை அதற்குள் வளையமாக நிற்கும். நடிகையின் சின்னத் துளையில் பெரிய குண்டலத்தை மாட்டினால் மதியத்துக்குள் காது வீங்கிவிடும். குண்டலத்தை எடையில்லாத பிசினில் (ரெசின்) செய்து, மெல்லிய கம்பியால் காதைச் சுற்றிக் கூந்தலில் பிணையுங்கள். மடல் நீட்சியைத் தோல்நிறச் சிலிக்கானில் செய்து ஒட்டலாம்.

தோளில் வங்கி, அதற்கு மேல் கழுத்தணியிலிருந்து தோள்மீது சரியும் ஒற்றைச் சரம், இடையில் சிங்கமுகக் கொளுவி வைத்த அரைப்பட்டிகை. இந்த மூன்றும் இருந்தால் நிழலுருவிலேயே காலம் தெரியும். குளோசப்புக்கு வருபவர்களுக்குப் பித்தளையில் முலாம், கூட்டத்துக்குப் பிசின். முலாம் எலுமிச்சை மஞ்சளாக வந்தால், குழிவுகளில் பழுப்புக் கறுப்பு வண்ணத்தைத் தேய்த்து, காய்வதற்குள் மேட்டை மட்டும் துடைத்தெடுங்கள். பிசின் நகை ஒன்றோடொன்று மோதினால் தட்தட்டென்று பிளாஸ்டிக் சத்தம் வரும். பின்பக்கம் மெல்லிய துணி ஒட்டினால் அடங்கும்.

படைவீரர்

நார்க்கண்ணாடியில் வார்த்த ரோமானிய மார்புக்கவசம், சிவப்புக் குஞ்சம் வைத்த தலைக்கவசம். இதை விட்டுவிடுங்கள், மிச்சமாகும் பணத்தில் இன்னும் நூறு பேரைக் கூட்டத்தில் நிறுத்தலாம். செங்கம் பகுதி நடுகற்களைப் பாருங்கள்: இறுக்கிக் கட்டிய அரையாடை, இடையில் குறுவாள், கையில் வில் அல்லது வாள், உயர்த்திக் கட்டிய முடி. பிறைபோல் வளைந்த தல்வார் வடக்கிலிருந்து பின்னாளில் வந்தது. நேரான, அகன்ற குறுவாளும் கேடயமும் போதும். காலில் ஒன்றுமில்லை, அல்லது தோல் செருப்பு. கண்ணப்பர் செருப்புக் காலோடு பூசை செய்த கதை நமக்குத் தெரியும்தானே. ரப்பர் அடிப்பாகம் மட்டும் ஓடும் ஷாட்டில் அம்பலமாகிவிடும்.

புதுத்துணியில் போர் இல்லை. தொடை, முழங்கால், ஓரம், கச்சை உரசும் இடம் இவற்றை 120ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, செம்மண் கரைசலைத் தெளித்துக் காயவைத்து உதறுங்கள். உடம்பு எங்கே உரசுமோ அங்கே மட்டும் தேய வேண்டும். முதுகின் நடுவில் கிழிசல் வைப்பது நாடக மேடைப் பழக்கம்.

படப்பிடிப்புக்கு முந்தைய நாள்

உடுத்தி நிற்கும் நடிகரைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்தி, போனில் கறுப்பு நிழலுருவாகப் படம் எடுங்கள். அதைச் சிற்பத்தின் நிழலுருவுக்குப் பக்கத்தில் வையுங்கள். தோள் எங்கே முடிகிறது, இடை எங்கே குறுகுகிறது, கொண்டை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நிழல் பொருந்தினால் விவரத்தில் வரும் சின்னப் பிழைகளை யாரும் கவனிக்க மாட்டார்கள். நிழலே பொருந்தாவிட்டால் நகையை மாற்றிப் பயனில்லை. கட்டை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஸ்டிக்கர் பொட்டு, கைக்கடிகார வெயில்தடம், தடுப்பூசித் தழும்பு, நகப்பாலிஷ், தீட்டிய புருவம் இவற்றுக்கு மேக்கப் உதவியாளரிடம் தனிச் சீட்டு கொடுத்துவிடுங்கள். நான்கு பக்கமும் கன்டினியூட்டி படம் எடுப்பதோடு, முடிச்சை மட்டும் தனியாகவும் எடுங்கள். மறுநாள் மாறிப்போவது எப்போதும் முடிச்சுதான்.

கடைசியாக, உடைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். பெரிய கோயிலில் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலம், ஆகவே கேமராவை விமானத்தின் பக்கம் திருப்புங்கள். ஓலையில் இன்றைய அச்செழுத்து வேண்டாம். அன்று புள்ளி வைப்பது அரிது, ஏகார ஓகாரத்துக்கு இரட்டைச் சுழிக் கொம்பு வந்தது வீரமாமுனிவர் (1680–1747) கைவண்ணம். முத்திரை காட்டுவதானால் உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரு மீன், வில். வசனத்தில் தர்பார், சிப்பாய், தயார் மூன்றும் பாரசீக வழி வந்தவை. சாவி, சன்னல், மேசை போர்த்துகீசியர் கொடுத்தவை. அடுக்களையில் மிளகாய்ச் சரம் தொங்கக் கூடாது, மிளகுதான். மாலையில் துலுக்கச் சாமந்தி மெக்சிகோவிலிருந்து வந்தது. முல்லை, செண்பகம், செங்கழுநீர், தாழை என்று கட்டச் சொல்லுங்கள். வெளிப்புறக் காட்சிக்கு இடம் பார்க்கப் போகும்போது உடைப் பிரிவிலிருந்தும் ஒருவர் கூடப் போகட்டும்: சீமைக்கருவேலம், தைலமரம், தூங்குமூஞ்சி, செம்மயிற்கொன்றை, காகிதப்பூ இவற்றில் ஒன்று சட்டகத்தில் இருந்தாலும் இடத்தை மாற்றச் சொல்ல வேண்டும். பனை, ஆல், இலுப்பை, புன்னை இருக்கும் கரையாகத் தேடினால் கிடைக்கும்.